பெங்களூரில் தமிழ் பேசும் பால்புதுமையினருக்கு ஓர் அமைப்பு: பதிவு முதலிலா, போன் முதலிலா?

ஏரிக்கரை எழுதியது:

பெங்களூரில் எல்ஜிபிடி அமைப்புகளுக்குப் பஞ்சமில்லை. 1994இல் குட் ஆஸ் யூ, 1999இல் சங்கமா, அதற்குப் பின் ஜீவா போன்றவை, 2008 முதல் நம்ம பிரைடு ஊர்வலம் என்று வரிசையாகச் சொல்லலாம். இவற்றில் தமிழ் பேசுகிறவர்கள் நிறையவே உண்டு. ஆனால் கூட்டம், போஸ்டர், படிவம் எல்லாம் பெரும்பாலும் கன்னடம், இல்லாவிட்டால் ஆங்கிலம். கிருஷ்ணகிரி, தர்மபுரி, சேலம், வேலூர்ப் பக்கமிருந்து பஸ் ஏறி வருகிறவர்களுக்கும், சிவாஜிநகர், மர்பி டவுன், ஸ்ரீராம்புரம், ஈஜிபுரா என்று இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் தமிழிலேயே பேச ஓர் இடம் வேண்டும் என்று சிலர் சேர்ந்திருக்கிறோம்.

கேள்வி நாலு. டிரஸ்டா, சொசைட்டியா? ஹெல்ப்லைன் எண் எப்படி வைப்பது? எங்கே கூடுவது? பணம் எப்படி வாங்குவது? தெரிந்தவர்கள் நடைமுறையாகச் சொல்லுங்கள். "நல்ல முயற்சி, வாழ்த்துகள்" மட்டும் போடுகிறவர்கள் மன்னிக்கவும், லைக் பட்டன் இருக்கிறது.

கணக்குப்பிள்ளை எழுதியது:

பதிவு பற்றி மட்டும் சொல்கிறேன்.

டிரஸ்ட், சொசைட்டி, கம்பெனி மூன்றில் டிரஸ்ட்தான் சுலபம். நிறுவுபவர் ஒருவர், டிரஸ்டிகள் குறைந்தது இரண்டு பேர், சாட்சி இரண்டு பேர், முத்திரைத் தாளில் டீட், சப்-ரிஜிஸ்திரார் அலுவலகத்தில் பதிவு. சொசைட்டி என்றால் கர்நாடக சங்கங்கள் பதிவுச் சட்டம் 1960. குறைந்தது ஏழு உறுப்பினர் வேண்டும். வருடா வருடம் பொதுக்குழு கூட்டி, நிர்வாகிகள் பட்டியலையும் கணக்கையும் தாக்கல் செய்ய வேண்டும். இரண்டு மூன்று வருடம் விட்டுவிட்டால் பின்னால் அபராதத்தோடு பிடித்து இழுக்கும். செக்ஷன் 8 கம்பெனிக்கு இயக்குநர் இரண்டு பேர் போதும், ஆனால் ஆடிட், கம்பெனிப் பதிவாளரிடம் (ஆர்ஓசி) தாக்கல் என்று செலவு தொடர்ந்து வந்துகொண்டே இருக்கும். சின்ன குழுவுக்கு அது தேவையில்லை.

டிரஸ்ட் டீடில் இரண்டு இடத்தில் கோட்டை விடுகிறார்கள். ஒன்று, டிரஸ்ட் திரும்பப் பெற முடியாதது என்றும், கலைத்தால் மிச்சச் சொத்து இதே நோக்கமுள்ள வேறு அறக்கட்டளைக்கே போகும் என்றும் எழுத விட்டுவிடுவார்கள். 12ஏ பதிவில் (அறக்கட்டளை வருமானத்துக்கு வரிவிலக்கு தருவது) அங்கேதான் கேள்வி வரும். இன்னொன்று, நோக்கம். வீட்டு ஓனர் முகம் சுளிப்பார், சப்-ரிஜிஸ்திரார் ஏதாவது கேட்பார் என்று பயந்து "சமூக நலம், கல்வி, மருத்துவம்" என்று மொட்டையாக எழுதிவிடுகிறார்கள். பிறகு நெருக்கடியில் வந்த ஒரு ஜோடிக்கு வாடகை கட்டினால், அது எந்த நோக்கத்தில் அடங்கும் என்று ஆடிட்டரே கேட்பார். "பாலினம், பாலீர்ப்பு காரணமாகப் பாகுபாட்டுக்கு உள்ளாகிறவர்களுக்குத் தங்குமிடம், சட்ட உதவி, மனநல ஆலோசனை, வேலைப் பயிற்சி" என்று பச்சையாகவே எழுதுங்கள். சட்டத்தில் எந்தத் தடையும் இல்லை.

பதிவு முடிந்ததும் டிரஸ்ட் பெயரில் பான், அப்புறம் வங்கிக் கணக்கு, அப்புறம் 12ஏ, 80ஜி (நன்கொடை கொடுப்பவருக்கு வரிச்சலுகை) தற்காலிகப் பதிவு. அது மூன்று வருடம் செல்லும். வேலை தொடங்கி ஆறு மாதத்துக்குள், அல்லது காலாவதிக்கு ஆறு மாதம் முன்னால், இரண்டில் எது முதலில் வருகிறதோ அப்போது முறையான பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். மூன்று வருடம் இருக்கிறதே என்று உட்கார்ந்துவிடுவதுதான் வழக்கமாக நடப்பது. 10ஏ, 10ஏபி என்று பழகின படிவ எண்கள் புதிய வருமான வரிச் சட்டம் நடப்புக்கு வருவதோடு மாறுகின்றன. 2026 ஏப்ரலுக்குப் பிறகு செய்கிறவர்கள் பழைய யூடியூப் வீடியோவைப் பார்த்து நிரப்பாதீர்கள்.

அலுவலக முகவரிக்கு வாடகை ஒப்பந்தம், கரண்ட் பில், ஓனரின் ஆட்சேபணையின்மைக் கடிதம் மூன்றும் கேட்பார்கள். மூன்றாவதில்தான் வண்டி நிற்கும்.

மர்பிடவுன்_மாடி எழுதியது:

கணக்குப்பிள்ளை சொன்னதெல்லாம் சரி. ஆனா இப்ப எதுக்கு?

டிரஸ்ட் டீட்ல டிரஸ்டி பேரு, அப்பா பேரு, வீட்டு அட்ரஸ் எல்லாம் வரும். பதிவான டீட் ரகசியமாவே இருக்கும்னு சொல்ல முடியாது. வீட்ல சொல்லாதவங்க டிரஸ்டியா உக்கார முடியுமா? முடியாது. அப்ப யாரு உக்காருவாங்க? வெளிய சொல்லிட்டவங்க, வேலை உறுதியா இருக்கறவங்க, இங்கிலீஷ் தெரிஞ்சவங்க. ஆரம்பிக்கும்போதே அமைப்பு அந்த நாலு பேர் கைக்குப் போயிடும். ஸ்ரீராம்புரத்துப் பொண்ணு அங்க எப்பவும் "பயனாளி"தான்.

ஆறு மாசம் பதிவு இல்லாம நடத்துங்க. ஒரு போன், ரெண்டு வக்கீல், ரெண்டு ஆற்றுப்படுத்துநர், ராத்திரி தங்க மூணு வீடு. இது ஓடுதான்னு பாருங்க. ஓடுச்சுன்னா அப்பறம் டிரஸ்ட். ஓடலன்னா டிரஸ்ட் இருந்தும் லெட்டர்ஹெட் மட்டும்தான் மிஞ்சும்.

வழக்குக்கட்டு எழுதியது:

மாடி சொல்வதோடு ஒத்துப்போகிறேன், வேறு காரணத்துக்காக. பெங்களூரில் தமிழ்க் குழு செய்யக்கூடிய, மற்ற அமைப்புகளுக்கு மொழியாலும் தூரத்தாலும் கடினமான வேலை ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் பதிவாகும் "காணவில்லை" புகார்.

வழக்கமாக நடப்பது இது. இருபது, இருபத்திரண்டு வயதுப் பெண் தன் துணையோடு பெங்களூர் வருகிறார். ஊரில் பெண் காணவில்லை என்று எஃப்ஐஆர். செல்போன் டவரை வைத்து அந்த ஊர்ப் போலீஸ் இரண்டு பேர், குடும்பத்து ஆட்கள் நாலு பேர், ஒரே வண்டியில் இங்கே வருவார்கள். "ஸ்டேஷனுக்கு வந்து ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போயிடும்மா" என்பார்கள். வண்டி ஓசூர் தாண்டிவிட்டால் பிறகு ஹேபியஸ் கார்பஸ், அதாவது ஆட்கொணர்வு மனுதான்.

இதற்கு வலுவான ஆயுதம் சென்னை உயர்நீதிமன்றத்தில் இருக்கிறது. எஸ். சுஷ்மா வழக்கில் 2021 ஜூன் 7 அன்று நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் போட்ட உத்தரவு: காணவில்லை புகாரை விசாரிக்கும்போது, சம்பந்தப்பட்டவர்கள் சம்மதமுள்ள வயதுவந்த எல்ஜிபிடி நபர்கள் என்று தெரிந்தால், வாக்குமூலம் வாங்கிக்கொண்டு, எந்தத் தொந்தரவும் கொடுக்காமல் புகாரை முடிக்க வேண்டும். அதைத் தொடர்ந்து 2022இல் தமிழ்நாடு சார்நிலைக் காவலர் நடத்தை விதிகளில் 24-சி என்று ஒரு விதியே சேர்த்தார்கள். எல்ஜிபிடி மக்களையும் அவர்களுக்காக வேலை செய்கிறவர்களையும் காவலர் துன்புறுத்தக் கூடாது என்பது அது. கர்நாடகப் போலீசை இவை கட்டுப்படுத்தாது. ஆனால் புகார் இருப்பது தமிழ்நாட்டு ஸ்டேஷனில், வருவது தமிழ்நாட்டுப் போலீஸ். அவர்களைக் கட்டுப்படுத்தும். இந்த உத்தரவின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு, அந்த ஆய்வாளரிடம் தமிழில், நிதானமாகப் பேசத் தெரிந்த ஆள் வேண்டும். அதற்குத்தான் உங்கள் குழு.

கவனிக்க: உத்தரவு "வாக்குமூலம் வாங்கிக்கொண்டு முடி" என்கிறது. ஆகவே ஒளிந்துகொள்வது வழியல்ல. வாக்குமூலம் கொடுத்தால்தான் புகார் முடியும். எங்கே, யார் முன்னால் கொடுப்பது என்பதைத்தான் நாம் தீர்மானிக்க வேண்டும். வக்கீல் அலுவலகம் நல்ல இடம். பெண்ணைச் சாட்சியாக விசாரிக்க ஸ்டேஷனுக்கு வரச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. பிஎன்எஸ்எஸ் (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 179வது பிரிவு அதைத் தடுக்கிறது. குடும்பத்தார் அந்த அறையில் இருக்கக் கூடாது என்று முதலிலேயே கேளுங்கள். மேஜரை அவர் விருப்பத்துக்கு மாறாக வண்டியில் ஏற்ற யாருக்கும் அதிகாரமில்லை. ஏற்ற முயன்றால் 112க்குப் போன், உள்ளூர் ஸ்டேஷனுக்குத் தகவல், அந்த வரிசையில்.

புகார் காணவில்லை என்பதோடு நிற்காது. அடுத்து வருவது நகைத் திருட்டு. அல்லது துணையின் மேல் கடத்தல். அதனால் கிளம்பும் முன்பே போன் பண்ணுகிறவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டியது: காதில் கழுத்தில் கிடப்பது உட்பட வீட்டு நகை எதையும் எடுக்காதே, உன்னுடையதாகவே இருந்தாலும். கழற்றி வைத்ததைப் போட்டோ எடு. பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் அசலை மறக்காதே. வயதுக்கு அதுதான் சட்டென்று காட்டக்கூடிய சான்று.

புதுசு_2 எழுதியது:

போன், பேங்க் விஷயத்துல என்ன பாக்கணும்? சிம்மை மாத்தினா போதுமா?

வழக்குக்கட்டு எழுதியது:

போதாது. சிம் அப்பா பெயரில் இருந்தால் அவர் கடைக்குப் போய் டூப்ளிகேட் வாங்கிவிடலாம். அதன்பின் உன் ஓடிபி எல்லாம் அவர் கையில். ஆதாரோடு இணைந்த எண், வங்கியோடு இணைந்த எண் இரண்டையும் முதலில் மாற்ற வேண்டும். ஏடிஎம்மில் பணம் எடுத்தால் போகும் எஸ்எம்எஸ்ஸில் சில வங்கிகள் இடத்தையும் சொல்கின்றன, அது வீட்டு எண்ணுக்குப் போனால் முகவரியே கொடுத்த மாதிரி. கூகுள் கணக்கு வீட்டிலிருக்கும் டேப்லெட்டில் திறந்திருக்கிறதா, லொகேஷன் ஷேரிங் ஓடுகிறதா, "என் சாதனத்தைக் கண்டுபிடி" வசதிக்குக் கடவுச்சொல் யாருக்குத் தெரியும் என்று பாருங்கள். கூட்டுக் கணக்காக இருந்தால் தன்னுடைய பணத்தை மட்டும் வேறு வங்கியில் புதிதாகத் திறந்த சொந்தக் கணக்குக்கு மாற்றிவிட்டுக் கிளம்பட்டும்.

ஏரிக்கரை எழுதியது:

பதினேழு வயசுப் பிள்ளை போன் பண்ணினால்?

வழக்குக்கட்டு எழுதியது:

தங்க இடம் கொடுக்கவே கூடாது. வண்டி அனுப்பக் கூடாது, பஸ் டிக்கெட் போடக் கூடாது, "வா பார்த்துக்கலாம்" என்று மெசேஜ்கூட அனுப்பக் கூடாது. பதினெட்டு வயதுக்குக் கீழே இருந்தால் பிஎன்எஸ் (புதிய தண்டனைச் சட்டம்) 137இன் கீழ் கடத்தல் வழக்கு உங்கள் மேல் வரும். நீங்கள் உள்ளே போனால் அடுத்து வரும் இருபது பேருக்குப் போனை எடுக்க ஆளிருக்காது. அடி, பூட்டி வைத்தல் இருந்தால் குழந்தைகள் உதவி எண் 1098, அங்கிருந்து குழந்தைகள் நலக் குழு. பாலியல் வன்முறை நடந்ததாகச் சொன்னால் போக்ஸோவின்படி புகார் தெரிவிப்பது உங்கள் கடமை. இதைக் குழந்தையிடம் மறைக்காமல், அது விவரம் சொல்லத் தொடங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். போனில் பேசலாம், கேட்கலாம், பதினெட்டாகும் வரை தொடர்பில் இருக்கலாம். அதனால் போனில் இரண்டாவது கேள்வியே வயது. முதல் கேள்வி, "இப்போ பேச முடியுமா, பக்கத்துல யாராவது இருக்காங்களா?"

செவிமடுப்போர் எழுதியது:

முதல் கேள்வி மிகச் சரி. போனைப் பற்றி மீதியை நான் சொல்கிறேன்.

இருபத்திநாலு மணி நேர ஹெல்ப்லைன் என்று போர்டு போடாதீர்கள். எடுக்காத ஹெல்ப்லைன் ஆபத்து. ராத்திரி இரண்டு மணிக்குத் தைரியம் வந்து கூப்பிட்டவர் மறுபடி கூப்பிட மாட்டார். வாரம் மூன்று நாள், மாலை இரண்டு மணி நேரம் என்று வைத்து அதை ஒருநாளும் தவறாமல் எடுங்கள். மற்ற நேரத்துக்கு 112, மனநலத்துக்கு டெலி-மானஸ் 14416 என்று பதிவுக் குரல் தமிழில் சொல்லட்டும்.

ஒரு முறைக்கு இரண்டு பேர்: ஒருவர் பேச, ஒருவர் பக்கத்தில். தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்டால் எண்ணம் வந்துவிடும் என்பது மூடநம்பிக்கை. "சாகணும்னு தோணுதா, எப்படின்னு யோசிச்சு வச்சிருக்கியா, அது கைக்கெட்டுற தூரத்துல இருக்கா" என்று மூன்று படி. மூன்றாவதற்கு ஆமாம் என்றால் போனை வைக்கக் கூடாது. பக்கத்திலிருப்பவர் அடுத்த போனில் வேலையைத் தொடங்க வேண்டும்.

தகவல் கசிவுதான் பெரும்பாலான குழுக்களைக் கொல்வது, வெளியே இருக்கிற எதிர்ப்பு அல்ல. நான் பார்க்கும் ஓட்டைகளைச் சொல்கிறேன்:

ட்ரூகாலர். நாலு பேர் உங்கள் எண்ணை "கே ஹெல்ப்லைன்" என்று சேமித்தால், நீங்கள் திருப்பிக் கூப்பிடும்போது அந்தப் பிள்ளையின் அம்மா கையிலிருக்கும் போனில் அதே பெயர் மின்னும். ட்ரூகாலரில் நீங்களே முன்கூட்டி ஒரு சாதாரணப் பெயரில் பதிவு செய்துகொள்ளுங்கள், புதியவர்களிடம் எந்தப் பெயரில் சேமிப்பது என்றும் சொல்லிக்கொடுங்கள். "கோச்சிங் சென்டர்" என்று வைத்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். நீங்களாகத் திருப்பிக் கூப்பிடுவதையே தவிர்ப்பது இன்னும் நல்லது; எப்போது கூப்பிடலாம் என்று அவர்கள் சொன்ன நேரத்தில் மட்டும்.

வாட்ஸ்அப் குரூப். உறுப்பினர் எண் எல்லோருக்கும் தெரியும். ஒரே தெருக்காரர் இரண்டு பேர் உள்ளே இருந்தால் முடிந்தது கதை. வாட்ஸ்அப் கம்யூனிட்டியின் அறிவிப்புக் குழுவில் எண்கள் மறைந்திருக்கும். சிக்னலில் பயனர் பெயர் வைத்து எண்ணை மறைக்கலாம்.

பதிவேடு. பெயர், ஊர், ஜாதி, வேலை என்று எக்செல்லில் நிரப்பி கூகுள் டிரைவில் "லிங்க் உள்ள யாரும் பார்க்கலாம்" என்று விட்டுவிடுகிறார்கள். தேதி, வயதுப் பிரிவு, மாவட்டம், என்ன உதவி, அடுத்து என்ன செய்ய வேண்டும், இவ்வளவு போதும். பெயருக்குப் பதில் ஒரு குறியீடு. எந்தக் குறியீடு யாருக்கு என்பது ஒரே ஒரு நோட்டில், பூட்டின அலமாரியில்.

வேடமிட்ட அழைப்பு. அண்ணனோ அப்பாவோ, "நானும் அந்த மாதிரிதான், அவ எங்க இருக்கான்னு தெரிஞ்சா பணம் கொடுக்கணும்" என்று கூப்பிடுவார்கள். எவ்வளவு உருக்கமாகப் பேசினாலும் பதில் ஒன்றுதான்: "அப்படி யாரையும் எங்களுக்குத் தெரியாது. உங்க நம்பரைக் கொடுங்க." இதை எல்லாப் பெயருக்கும், உண்மையிலேயே தெரியாத பெயருக்கும், ஒரே வார்த்தையில் சொல்ல வேண்டும். தெரிந்த பெயருக்கு மட்டும் தடுமாறினால் அவர்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

அல்லிக்கொடி எழுதியது:

இவ்ளோ நேரம் பேசினதுல திருநங்கைங்க எங்க?

எங்க ஆளுங்களுக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு அடிபட்டா ஹெல்ப்லைன் பாக்க மாட்டாங்க, குருபாய்க்கு, அதாவது ஒரே குருவுக்குக் கீழ இருக்கற கூட்டாளிக்குப் போன் போடுவாங்க. ஜமாத்துல, எங்க திருநங்கைங்க கூட்டமைப்புல, எல்லாம் நல்லதுன்னு சொல்லல, கடனும் உண்டு, அதிகாரமும் உண்டு. ஆனா ஆள் வந்து நிப்பாங்க. அதைப் போட்டியா நெனைக்காம, நீங்க எதுல உதவ முடியும்னு பாருங்க. எங்களுக்கு வேண்டியது காகிதம்.

ஊர்ல ரேஷன் கார்டு, இங்க வாழ்க்கை. தமிழ்நாட்டுத் திருநங்கையர் நலவாரியம் 2008லயே வந்துச்சு, ஆனா அதோட உதவிக்குத் தமிழ்நாட்டுல இருக்கணும். இங்க திருநங்கைங்களுக்குக் கொடுக்கற மைத்ரி பென்ஷனுக்குக் கர்நாடகா முகவரி வேணும். 2021ல கர்நாடகா அரசு வேலைல 1 சதவீத ஒதுக்கீடு கொடுத்துச்சு, அதுக்கும் சான்றிதழ் வேணும். 2020 விதிப்படி டிஜி (திருநர் அடையாள) சான்றிதழுக்கு எந்த மாவட்டத்துல விண்ணப்பிக்கிறோமோ அங்க தொடர்ந்து பன்னெண்டு மாசம் இருந்திருக்கணும். பத்துக்கு பத்து ரூம்ல அக்ரிமென்ட் இல்லாம இருக்கறவங்க அதை எப்படிக் காட்டறது? உங்க குழு ஓனர்கிட்டப் பேசி, பதினோரு மாச அக்ரிமென்ட் ஒண்ணு எழுதி வாங்கித் தந்து, அது முடியும்போது மறுபடி புதுப்பிச்சா, அதுவே பாதி வேலை. விதி மாறியிருக்கான்னு விண்ணப்பிக்கற அன்னைக்குப் பாத்துக்குங்க, இந்த விஷயத்துல டெல்லி சும்மா இருக்கறதில்ல.

இன்னொண்ணு. திருநம்பிங்கள, அதாவது பொண்ணா வளர்க்கப்பட்ட ஆம்பளைங்கள, கூப்பிட மறந்துடாதீங்க. அவங்களுக்கு ஜமாத்தும் கிடையாது.

மர்பிடவுன்_மாடி எழுதியது:

அல்லி அக்கா சொன்னதுக்கு மேல ஒண்ணு. வாடகை அக்ரிமென்ட்ல துணையோட பேரையும் சேத்து எழுதுங்க. ஜோடியா இருக்கறவங்களுக்கு 2024 ஆகஸ்ட்ல மத்திய நிதி அமைச்சகம், கூட்டு வங்கிக் கணக்கு தொடங்கவும் துணையை நாமினியா போடவும் தடை இல்லன்னு தெளிவாவே சொல்லியிருக்கு. கிளைல இருக்கறவருக்கு அது தெரியாது. பிரின்ட் எடுத்துட்டுப் போங்க. உச்சநீதிமன்றத்தோட 2023 அக்டோபர் தீர்ப்புல ஒரே பால் ஜோடிங்களுக்குக் கல்யாண உரிமை கிடைக்கலன்னாலும் இந்தச் சின்னச் சின்ன காகிதம் நாளைக்கு ஆஸ்பத்திரில, போலீஸ் ஸ்டேஷன்ல பேசும்.

கூடற இடம்: கப்பன் பார்க் இலவசம், ஆனா முதல் தடவை வர்றவங்க இருபது பேர் வட்டமா உக்காந்திருக்கறதப் பாத்ததும் நேரா தாண்டி நடந்து போயிடுவாங்க. அல்சூர்ல உங்க மாமா பொண்ணு வாக்கிங் வருவா. அதனால தமிழ் ஏரியாலயே வைக்காதீங்க, கொஞ்சம் தள்ளி, மெட்ரோ பர்ப்பிள் லைன்ல ஏதாவது யூனியன் ஆபீஸ் ஹால், நூலக அறைன்னு பாருங்க. முதல் தடவை வர்றவங்கள மெட்ரோ வாசல்ல ஒருத்தர் தனியா பாத்துக் கூட்டிட்டு வரட்டும். ஞாயிறு பதினொண்ணுலேர்ந்து ஒண்ணு வரைக்கும். சாயங்காலம் வச்சீங்கன்னா பொண்ணுங்களும் திருநம்பிங்களும் வர மாட்டாங்க, ஆம்பளைங்க கூட்டமா ஆயிடும். உள்ள நுழையும்போதே கேமரா மேல ஒட்ட ஒரு துண்டு ஸ்டிக்கர் குடுங்க. "போட்டோ எடுக்காதீங்க"ன்னு சொல்றதை விட அது வேலை செய்யும்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

பணத்துக்கு வருகிறேன், இதைத்தான் யாரும் யோசிப்பதில்லை.

வீட்டில் சொல்லாத நன்கொடையாளர் "பெயர் வேண்டாம்" என்பார். பெயரும் முகவரியும் பதியாத நன்கொடை வரிச் சட்டத்தில் அநாமதேய நன்கொடை. மொத்த நன்கொடையில் 5 சதவீதம் அல்லது ஒரு லட்சம், இரண்டில் எது அதிகமோ அதைத் தாண்டினால் 30 சதவீத வரி. அதனால் உள்பதிவேட்டில் பெயர், முகவரி கட்டாயம். வெளியே போடும் நன்றிப் பட்டியலில் வேண்டாம்.

80ஜி ரசீது வேண்டுமா என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுவிட்டுக் கொடுங்கள். கொடுத்தால் அவர் பான் எண்ணோடு வருமான வரித்துறைக்கு ஆண்டறிக்கை போகும். அப்பாவின் ஆடிட்டரே பிள்ளைக்கும் ரிட்டர்ன் போடுகிற வீடுகள் ஏராளம். அந்த விலக்கில் கிடைக்கும் சில நூறு ரூபாய்க்காக விஷயம் உடைய வேண்டாம். ரொக்கமாக 2000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் 80ஜி கிடையாது என்பதும் நினைவிருக்கட்டும்.

யுபிஐயில் அனுப்பினால் அவர் வங்கி அறிக்கையில் உங்கள் டிரஸ்ட் பெயர் அப்படியே வரும். நோக்கத்தைப் பச்சையாக எழுதச் சொன்னேன். பெயரைச் சாதுவாக வையுங்கள்.

வெளிநாட்டுப் பணம்: சிங்கப்பூரில் இருக்கும் நண்பரிடம் இந்தியப் பாஸ்போர்ட் இருந்தால் அவர் வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. குடியுரிமை மாறி ஓசிஐ அட்டை வைத்திருந்தால் ஆகும், எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடைச் சட்டப் பதிவு) இல்லாமல் பத்து டாலர்கூட வாங்கக் கூடாது. எஃப்சிஆர்ஏவுக்கு மூன்று வருட வயதும் அந்த மூன்று வருடத்தில் 15 லட்சம் செலவும் காட்ட வேண்டும். இப்போதைக்கு மறந்துவிடுங்கள். பதிவுக்கு முன் ஒருவரின் சொந்த யுபிஐயில் நன்கொடை திரட்டுவதும் வேண்டாம். டீச்செலவைப் பங்கு போட்டுக்கொள்வது வேறு, ஊரில் கை நீட்டுவது வேறு.

செவிமடுப்போர் எழுதியது:

அப்பா அம்மாவும் கூப்பிடுவார்கள், அதற்கும் தமிழில் ஆள் வேண்டும். "டாக்டர்ட்ட காட்டினா சரியாகுமா" என்பதுதான் பெரும்பாலும் கேள்வி. மாற்றும் சிகிச்சை என்று எந்த மருத்துவர் செய்தாலும் தொழில் ஒழுங்கீனம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் சொல்லிவிட்டது. இதைச் சட்டமாகச் சொன்னால் அவர்கள் காதில் ஏறாது. "இது நோய் இல்லைங்க, அதனால மருந்தும் இல்லை, கொடுக்கறேன்னு சொல்றவர் காசு பறிக்கிறார்" என்றால் ஏறும். முதல் போனிலேயே ஏற்றுக்கொள்ள வைக்கப் பார்க்காதீர்கள். பூட்டி வைக்காமல், அடிக்காமல் இருந்தால் அன்றைக்கு அது போதும்.

ஏரிக்கரை எழுதியது:

சரி. பதிவை ஆறு மாதம் தள்ளிவைக்கிறோம். வாரம் மூன்று மாலை போன், ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம், அக்ரிமென்ட் வேலை. வழக்குக்கட்டு, கிளம்பி வந்தவர் போலீசுக்கு அனுப்பும் கடிதத்துக்கு ஒரு மாதிரி போடுங்களேன்.

வழக்குக்கட்டு எழுதியது:

கையால் எழுதினால் நல்லது. அவரவர் கையெழுத்தில் இருந்தால் "யாரோ டைப் அடித்துக் கையெழுத்து வாங்கிவிட்டார்கள்" என்ற பேச்சு எடுபடாது.

"பெறுநர்: காவல் ஆய்வாளர் அவர்கள், (வீடு இருக்கும் எல்லைக்குட்பட்ட காவல் நிலையம்). ஐயா, நான் (பெயர்), பிறந்த தேதி (…), வயது (…). நான் (தேதி) அன்று என் சொந்த விருப்பத்தின் பேரில், யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் வீட்டை விட்டு வந்துள்ளேன். என்னை யாரும் கடத்தவில்லை. வீட்டிலிருந்து நகையோ பணமோ எடுத்து வரவில்லை. என் குடும்பத்தாரால் எனக்கும் என்னுடன் இருப்பவருக்கும் ஆபத்து நேரும் என்று அஞ்சுகிறேன். நான் காணவில்லை என்று புகார் வந்தால், என் வழக்கறிஞர் அலுவலகத்தில் அவர் முன்னிலையில் வாக்குமூலம் அளிக்கத் தயாராக உள்ளேன். சென்னை உயர்நீதிமன்றம் எஸ். சுஷ்மா வழக்கில் 7.6.2021 அன்று வழங்கிய உத்தரவின்படி புகாரை முடித்துவைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்."

தங்கியிருக்கும் முகவரி எங்கும் வரக் கூடாது. அனுப்புநர் முகவரி வக்கீல் அலுவலகம். மதிப்பெண் சான்றிதழ் நகலும் ஆதார் நகலும் இணைப்பு. ஆதார் நகலில் எண்ணின் கடைசி நாலு இலக்கம் மட்டும் தெரிந்தால் போதும். "ஆபத்து" வரியை நிலைமைக்குத் தக்கபடி எழுதட்டும், இல்லாததை எழுத வேண்டாம்.

மூன்று பிரதி: ஊர் ஸ்டேஷன், மாவட்டக் கண்காணிப்பாளர், இங்கே தங்கியிருக்கும் பகுதியின் டிசிபி (காவல் துணை ஆணையர்). டிசிபிக்குப் போகும் பிரதி கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ. ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, ரசீதும் டெலிவரி ஆனதற்கான இணையப் பக்கத்தின் பிரின்டும் வக்கீல் கோப்பில். தபால் முத்திரை எந்தத் தபால் நிலையம் என்று காட்டும் என்பதால் தங்கியிருக்கும் வீட்டுக்குப் பக்கத்துத் தபால் நிலையத்தில் போடாமல் ஜிபிஓவில் (பெங்களூர் தலைமைத் தபால் நிலையம்) போடுங்கள். புகார் பதிவாகும் முன்பே கடிதம் ஸ்டேஷனில் இருந்தால் பாதி வழக்கு அங்கேயே நின்றுவிடும்.

அதையும் மீறித் தூக்கிப் போய்விட்டால், துணையோ நண்பரோ ஹேபியஸ் கார்பஸ் போடலாம். ரத்த உறவு வேண்டியதில்லை. உச்சநீதிமன்றம் தேவு ஜி. நாயர் வழக்கில் 2024 மார்ச்சில் இதற்கு வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது: மனுவை முன்னுரிமையோடு எடுக்க வேண்டும், உறவின் தன்மையைத் துருவக் கூடாது, அந்த நபரிடம் குடும்பத்தார் இல்லாத இடத்தில் நீதிபதி பேச வேண்டும், மனசை மாற்றும் கவுன்சலிங்குக்கு அனுப்பக் கூடாது. 2025 மே மாதம் வேலூர்ப் பக்கத்து வழக்கு ஒன்றில், வீட்டில் அடைத்து வைக்கப்பட்ட இருபத்தைந்து வயதுப் பெண்ணை அவர் துணையோடு போகவிட்டது சென்னை உயர்நீதிமன்றம். திருமணம் மட்டுமே குடும்பத்துக்கு வழி இல்லை, தேர்ந்துகொண்ட குடும்பமும் குடும்பம்தான் என்று நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதன், வி. லட்சுமிநாராயணன் அதில் எழுதினார்கள். மனு சென்னையில் போட வேண்டியிருக்கும் என்பதால் அங்கே ஒரு வக்கீலை இப்போதே பேசி வையுங்கள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு, அதற்கான போன் எண் 15100.

புதுசு_2 எழுதியது:

வக்கீல் இன்னும் கிடைக்கலன்னா அனுப்புநர் முகவரில என்ன போடறது?

வழக்குக்கட்டு எழுதியது:

அப்படியானால் கடிதத்தை அனுப்பாதீர்கள். முதலில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போய், ஒதுக்கப்படும் வக்கீலின் பெயரை வாங்கிக்கொண்டு அன்றைக்கே அனுப்புங்கள்.